குரல் மாறினால் கண்டுபிடிக்கிற ஊர்

விழா மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது எங்கள் இணுவில் வாசிகசாலையின் வரலாறு. தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்ப்பட்டியலும் காணி உறுதி விபரமும் கட்டட நிதிக் கணக்கும் இந்த மலரின் வேறு பக்கங்களில் இருக்கின்றன. ஆசிச்செய்திகளையும் கடை விளம்பரங்களையும் தாண்டி அதுவரை புரட்டுகிறவர்கள் அவற்றை வாசித்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டது, எங்கள் கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு ஒரு வரியாக மட்டும் ஏறிவந்த ஒரு சாமானை. 'றேடியோ லைசன்ஸ் கட்டியது' என்று செலவுப் பக்கத்தில் ஒரு வரி. அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த இடம். ஆனால் எங்கள் வாசிகசாலையில் பேப்பர் வாசித்தவர்களிலும் பார்க்க றேடியோ கேட்டவர்கள் அதிகம். அதிலும் செய்தி கேட்டவர்களை விட நாடகம் கேட்டவர்கள் அதிகம். இதை எந்தச் செயலாளரும் ஆண்டறிக்கையில் எழுதியதில்லை. எழுதினால் நன்கொடை குறையும் என்று பயந்திருக்கலாம்.

மூலை மேசையில், குறொஸ் தையல் போட்ட துணியால் மூடி வைத்த பெட்டி அது. நாடக நேரத்துக்குச் சற்று முன்னரே வாங்குகள் நிரம்பிவிடும். தோட்டத்தால் வந்தவர்கள் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் குந்துவார்கள். பெண்கள் வாசிகசாலைக்குள் வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த நாள் கிணற்றடியில் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு தொடர் நாடகத்தில் வருகிற ஆள் போன கிழமை எப்படி இருந்தாரோ இந்தக் கிழமையும் அப்படியே இருக்கவேண்டும் என்று இணுவிலார் பிடித்த பிடிவாதமும், ஆளை மாற்றினால் அவர்களுக்கு வந்த கோபமும்.

இணுவிலிலே பிறந்தவர்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. கந்தசாமி கோயில் வீதியிலும் பரராசசேகரப் பிள்ளையார் கோயிலடியிலும் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தவில்மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த ஊர் இது. அவர் வாசிக்கிற இரவுகளில் தூணோடு சாய்ந்து நித்திரைபோலக் கிடக்கிற கிழவர்கூட, தாளத்தில் ஏதாவது புதுசாக நடந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது: சுருட்டுக் கொட்டில். வரிசையாக இருந்து சுருட்டுச் சுத்துகிறவர்களுக்கு ஒருவர் பேப்பரையோ கதைப் புத்தகத்தையோ உரத்து வாசிப்பார். கையில் வேலை, காது சும்மா. நாள் முழுக்க ஒரே குரலைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, வாசிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினாலும் தெரிந்துவிடும். இந்தக் காதுகளோடுதான் நாங்கள் றேடியோ நாடகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

ஆனால் மேடையில் இதே சனம் ஆள் மாறுவதைத் தாராளமாகப் பொறுத்தது. அதுதான் வேடிக்கை.

எங்கள் ஊருக்கு நாடகம் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இணுவில் சின்னத்தம்பிப் புலவர் பெயரில் 'பஞ்சவன்னத் தூது' மட்டுமல்ல, நொண்டி நாடகமும் கோவலன் நாடகமும் வழங்குகின்றன. நொண்டி நாடகம் என்றால், தறுதலையாகத் திரிந்து, திருடப்போய்க் கால் இழந்து, கடைசியில் தெய்வத்தின் அருளால் கால் பெறுகிற ஒருவனின் கதை. எந்த ஊரில் யார் எழுதினாலும் நொண்டி நொண்டிதான். அவன் என்ன செய்வான் என்பது பார்க்க வருகிறவர்களுக்கு முன்னமே தெரியும். யார் நொண்டியாக வந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் இன்னும் ஒரு படி மேலே. பெரிய பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் பங்குபோட்டு ஆடுவார்கள். முன்னிரவுக்கு ஒரு ராசா, சாமத்துக்கு இன்னொரு ராசா. முன்னவர் மெலிந்தவர், பின்னவர் வயிறு வைத்தவர் என்றாலும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. முடியும் உடுப்பும் ஒன்று, ராசாவும் ஒன்று.

'ஸ்பெஷல்' நாடகங்களிலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லா நடிகருக்கும் பாடம். ஒருவர் ஒரு ஊரால் வருவார், மற்றவர் இன்னொரு ஊரால் வருவார். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். அரிச்சந்திரன் யார் என்பது அன்றைய நோட்டீசைப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஏற்பாட்டை உடைத்தவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவின் 'மயான காண்டம்' மூவாயிரத்துக்கு மேற்பட்ட மேடைகள் கண்டது. அவரைப் பார்த்த பிறகு வேறு யாரும் சுடலை காக்க வந்தால், சனம் பார்க்கும், பாட்டையும் ரசிக்கும், ஆனால் வீட்டுக்குப் போகும்போது 'வைரமுத்தற்றை மாதிரி இல்லை' என்று சொல்லிக்கொண்டுதான் போகும். பாத்திரம் புலவருடையதாகவும் புராணத்துடையதாகவும் இருந்தது போய் நடிகருடையதானது அவரோடுதான். எழுதியவர் பெயர் தெரியாதவர்களுக்கும் 'வைரமுத்துவின் மயான காண்டம்' தெரியும்.

றேடியோ இந்தக் கதையை முழுதாகத் தலைகீழாக்கியது. குரலுக்கு முடி சூட்ட முடியாது. உடுப்பு மாட்டவும் முடியாது. அங்கே ஆள் என்றால் குரல், குரல் என்றால் ஆள்.

கொழும்பில் வானொலி 1925 டிசெம்பரில் தொடங்கியது. வர்த்தக சேவை 1950இல் வந்தது. 1967 ஜனவரியில் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமானது. எங்கள் ஊர் வீடுகளுக்குள் றேடியோ பரவலாக வந்தது இந்த நடுக்காலத்தில்தான். தமிழ் நாடகப் பகுதியில் 'சானா' என்ற சண்முகநாதன் இருந்தார். அவர் எழுதிய 'பரியாரி பரமர்' என்ற நடைச்சித்திரத் தொகுப்பை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஒரு யாழ்ப்பாணத்து ஆளைப் பத்து வரியில் நடக்கவிட அவருக்குக் கைவரும். அப்படியான ஒருவர் நாடகம் தயாரித்தால், பாத்திரங்கள் மேடைத் தமிழை விட்டுவிட்டு முற்றத்துத் தமிழில் கதைக்கத் தொடங்கியது ஆச்சரியமில்லை.

தொடர் நாடகம் என்றால் எங்கள் பெரியவர்களுக்கு முதலில் வாயில் வருவது 'விதானையார் வீட்டில்'. எழுதியவர் இலங்கையர்கோன். சுன்னாகத்தைத் தாண்டினால் வருகிற ஏழாலை அவர் ஊர். சொந்தப் பெயர் சிவஞானசுந்தரம். காரியாதிகாரியாக வேலை பார்த்தவர். விதானைமாரைத் தினமும் எதிரில் இருத்திக் கதைத்த மனுசன் விதானையாரை எழுதினால் எப்படி இருக்கும்! அந்த விதானையாராக நடித்தவர், பின்னாளில் பேராசிரியராகி உலகமெல்லாம் பெயர் பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி. அப்போது அவர் இளைஞர். எங்கள் வாங்குகளில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கேட்டது மடியில் வெற்றிலைத் தட்டத்தோடு சாய்மனைக் கதிரையில் இருக்கிற ஒரு விதானையாரை. அதில் ஒருவர், எங்கள் பகுதியின் உண்மையான விதானையாரைச் சந்தியில் கண்டால், முதல் நாள் நாடகத்தில் விதானையார் சொன்ன கதைக்கு இவரிடம் நியாயம் கேட்பாராம். 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பதவி போனது, நாடகத்து விதானையார் போகவில்லை. 'விதானையார் மாதிரிக் கதையாதை' என்று எங்கள் அம்மா ஏசுவது எழுபதுகளிலும் கேட்டது.

இனி 'கோமாளிகளின் கும்மாளம்'.

எழுபதுகளில் வர்த்தக சேவையில் வந்த தொடர் சிரிப்பு நாடகம். எழுதியவர் எஸ். ராம்தாஸ். முக்கியமானவர்கள் நான்கு பேர். மரைக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். நாலு பேரும் நாலு தமிழ் கதைத்தார்கள். மரைக்காரின் வாயில் எங்கள் சோனகத் தமிழ். அப்புக்குட்டியிடம் அசல் யாழ்ப்பாணம். ஐயரிடம் அக்கிரகாரத்துத் தமிழ். உபாலியோ திணை, பால், இடம் ஒன்றையும் கணக்கெடுக்காமல் சிங்களத்தைத் தமிழுக்குள் நடத்திக்கொண்டு வருவார். கதை என்ன என்று இன்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. கதைக்காக நாங்கள் கேட்கவில்லை. இந்த நாலு தமிழும் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தத்துக்காகக் கேட்டோம்.

வாசிகசாலைத் தீர்ப்புகள் சூடு பிடித்ததும் இந்த நாடகத்தோடுதான். கதை தடம் மாறலாம், நம்ப முடியாத சம்பவம் வரலாம், போன கிழமை நடந்ததை எழுதியவரே மறந்துபோகலாம். அதெல்லாம் சிரிப்பு நாடகம்தானே என்று விட்டுவிடுவார்கள். பேச்சு மட்டும் மாறக்கூடாது. 'போறன்' என்று சொல்லவேண்டிய ஆள் அவசரத்தில் 'போறேன்' என்று சொன்னால் வாங்கில் ஒரு தலை நிமிரும். ஓம் என்று சொல்கிறவர் ஆமா என்றால் இரண்டு தலை. 'உவர் இப்ப ஆரைப் போலக் கதைக்கிறார்?' என்று யாராவது கேட்டுவிட்டால் பிறகு நாடகத்தில் என்ன நடந்தது என்பது ஒருவருக்கும் காதில் விழாது. வலிகாமத்தானா, வடமராட்சியானா, தீவானா என்று ஒரு சொல்லை வைத்து ஆளை மட்டிடுகிற சனத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்தானாக நடிப்பது சின்ன வேலையில்லை. நடிகர்களுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, எங்கள் நடுவர் சபைக்குப் பெரிதாக வேலை வைக்கவில்லை.

வேறொரு தொடர் நாடகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிழமை மூத்த பாத்திரத்தின் குரல் கட்டையாக வந்தது. 'ஆளை மாத்திப்போட்டாங்கள்' என்று திண்ணையிலிருந்து தீர்ப்பு வந்தது. இல்லை, தடிமன் என்றார் இன்னொருவர். தடிமன் என்றால் மூக்கால் வரும், இது தொண்டையால் வருகிறது என்று முதல் ஆள் விளக்கினார். நாதஸ்வரக்காரர் வீட்டுச் சம்பந்தம் உள்ளவர், அவரோடு வாதாட முடியாது. உடனே தபாலட்டை எடுத்தோம். என் கையெழுத்து வடிவு என்று எழுதும் வேலை எனக்கு. பழைய நடிகரையே திரும்ப அழைக்குமாறு இணுவில் நேயர்கள் சார்பில் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதி, சுன்னாகம் தபால் என்று விலாசமும் போட்டாயிற்று. அடுத்த கிழமை பழைய குரலே கணீரென்று வந்தது. தடிமன்தான். அந்த அட்டை தபாலுக்குப் போகவில்லை. கரம் போர்ட் பவுடர் வைக்கிற லாச்சிக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது.

1976இல் 'கோமாளிகள்' படமாக வந்தது. எஸ். ராமநாதன் இயக்கினார், கதை வசனம் ராம்தாஸ். றேடியோவில் நடித்த அதே நாலு பேரும் திரையிலும் வந்தார்கள். இதுதான் அந்தப் படம் எடுத்தவர்கள் செய்த புத்திசாலித்தனம். நல்ல முகவெட்டு உள்ள வேறு நடிகர்களைப் போட்டிருந்தால் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் கதிரை மிஞ்சியிருக்காது. உள்ளூர்ப் படங்கள் மூச்சுவிடத் தொடங்கியிருந்த காலம். இந்தியப் படத்துக்குப் போகிற சனம் இதற்கும் போனது, ஏனென்றால் இது தெரிந்த ஆட்களின் படம்.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல். என் மனதில் இருந்த அப்புக்குட்டிக்கு, எங்கள் ஒழுங்கைக் கொட்டிலில் சுருட்டுச் சுத்துகிற ஒரு பெரியவரின் முகம். குரல் கேட்ட முதல் நாளே அந்த முகத்தைப் பொருத்திவிட்டேன். திரையில் அந்தக் குரலுக்கு வேறொரு முகம். முதல் அரை மணித்தியாலம் இடைக்கிடை கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்தேன். காசு கொடுத்துக் கூட்டிவந்த அண்ணர் நித்திரை கொள்கிறாயா என்று தலையில் குட்டினார். வாசிகசாலையில் பிறகு விசாரித்தால், ஆளுக்கொரு அப்புக்குட்டி வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அவர் மாமனார், இன்னொருவருக்குப் பள்ளிக்கூட வாச்சர். படம் எங்கள் எல்லோருடைய அப்புக்குட்டிகளையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு ஒருவரை நியமித்தது. குரல் மாறவில்லை என்பதால்தான் மன்னித்தோம். 1978இல் அதே கூட்டணியில் 'ஏமாளிகள்' வந்தபோது யாருக்கும் பழைய முகம் ஞாபகமில்லை.

பெயர்களைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் மரைக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். பத்திரிகையில் அப்படி, நோட்டீசில் அப்படி. 2016இல் ராம்தாஸ் சென்னையில் காலமான செய்தியும் 'மரைக்கார் ராம்தாஸ்' என்றுதான் வந்தது. நாலாவது ஆள் மட்டும் 'ஐயர்' அப்துல் ஹமீத் ஆகவில்லை. அவர் குரலை நாங்கள் அறிவிப்பாளராக முன்னமே சொந்தம் கொண்டாடியிருந்தோம். வேறொரு பட்டத்தை ஒட்ட அதில் இடமிருக்கவில்லை. ஊர் பட்டம் வைக்கிற முறையும் இதுதான். சும்மா வைத்தால் ஒட்டாது. ஆளிடத்தில் வெறும் இடம் இருக்கவேண்டும்.

இன்னொன்றை நாங்கள் அந்தக் காலத்தில் யோசிக்கவே இல்லை. முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிமல்லாத ராம்தாஸ் மரைக்கார். தமிழரான செல்வசேகரன் உபாலி. பாத்திரம் தேர்ந்தவர்கள் யார் வீட்டுப் பேச்சை யார் வாயில் வைப்பது என்று எந்த வேலியையும் பார்க்கவில்லை. றேடியோவுக்குக் கண் இல்லாதது வசதியாகிவிட்டது. எல்லா இடத்திலும் இது இப்படிச் சுலபமாக முடியவில்லை. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் அப்பு என்று ஓர் இந்தியக் கடைக்காரர் வருவார். எங்கள் அப்புக்குட்டிக்கு உறவில்லை. அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர். அந்தக் குரலைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான தெற்காசியப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். அவர்களில் ஒருவரான ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் அதைப்பற்றி ஒரு விவரணப் படமே எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார்.

மரைக்காரின் பேச்சைக் கேட்டு எங்கள் பக்கத்தில் சிரித்தோம். முஸ்லிம் வீடுகளில் எப்படிக் கேட்டார்கள், சிரித்தார்களா, முகம் சுளித்தார்களா என்று நாங்கள் விசாரித்ததில்லை. சோனகதெரு எங்களுக்கு நாலு மைல். சந்தைக்குப் போகிற தூரம். ஒரு நாள் கேட்டிருக்கலாம். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின் அங்கே போய்க் கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை.

சிரிப்பு நாடகத்தை விட்டுக் கொஞ்சம் விலகினால் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்'. அதில் சோமுவாக வந்த கே. எஸ். பாலச்சந்திரன் கரவெட்டிக்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அவரே 'அண்ணை றைற்' என்று தனிநடிப்பும் செய்தார். ஒரு பஸ் கொண்டக்டர், பஸ் நிறையச் சனம், எல்லோரும் அவரே. ஒருவரே எல்லா வேஷமும் கட்டினால் ஆள் மாற்றுகிற பிரச்சினையே வராது என்று நினைத்தால் அது பிழை. வலிகாமத்தில் கலைவிழா நடத்திய ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு பெடியன் 'அண்ணை றைற்' செய்தான். பார்த்த ஒவ்வொருவரும் பாலச்சந்திரன் மாதிரி இல்லை என்றார்கள். என் மகனும் அதில் ஒருவன், அதனால் இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

1990இல் யுத்தத்தோடு மின்சாரம் போனது. பற்றரியும் தடை. அதற்குப் பிறகு றேடியோ கேட்ட விதத்தை இந்த மலரை வாசிக்கிற இளையவர்கள் நம்பமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவை றேடியோவுக்குத் தொடுத்து, ஒருவர் பெடலைச் சுத்த மற்றவர்கள் கேட்பது. சுத்துகிறவர் களைத்தால் குரல் தேய்ந்து போய்விடும். செய்திக்கு ஆள் மாறி ஆள் சுத்துவார்கள். நாடகம் என்றால் சுத்துகிறவனுக்குச் சிரிப்பு வரக்கூடாது. சிரித்தால் கை தளரும், கை தளர்ந்தால் அடுத்த வசனம் போச்சு. ஆகவே சிரிக்காத ஆளாகப் பார்த்துச் சுத்த விடுவோம். எங்கள் வாசிகசாலையில் நானறிய ஒழுங்காக நடந்த ஒரே நடிகர் தேர்வு அதுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது மேசையும் பெட்டியும் இங்கேயே கிடந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தவர்களுக்கு மேசை கிடைத்தது.

பிறகு ரீவி. ரூபவாஹினி 1982இலேயே தொடங்கியிருந்தாலும் எங்கள் வீடுகளில் தொடர் பார்க்கிற பழக்கத்தைப் பிடிவாதமாக்கியது சமாதான காலத்துக்குப் பிறகு வந்த டிஷ் அன்ரனாக்களும் கேபிளும்தான். அதில்தான் 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டையை முதன்முதலில் கண்டோம். நேற்றுவரை ஒரு முகத்தோடு அழுத மருமகள் இன்று வேறு முகத்தோடு அதே அழுகையைத் தொடர்வார். கீழே ஒரு வரி எழுத்து. 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' போன்ற சிரிப்புத் தொடரில் பாப்பாக்களாக வந்த நடிகைகள் மாறினார்கள். சனம் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகியது. பட்டாபியாக எம். எஸ். பாஸ்கர் இருந்தது பெரிய ஆறுதல். எங்கள் சந்திக் கடையில் அவரை இன்றைக்கும் பாஸ்கர் என்று யாரும் சொல்வதில்லை.

எதிர்மாறான உதாரணம் 'எதிர்நீச்சல்'. ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். தொடர் நிற்கவில்லை. எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். நல்ல நடிகர், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் மனைவி ஒரு கிழமை பார்த்துவிட்டு, 'இவர் வேறை ஆள், இவர் தான்ரை வீட்டிலை போய்க் கத்தட்டும்' என்று ரீவியை நிற்பாட்டினார். குணசேகரன் நல்லவரா என்றால் இல்லை. வீட்டுப் பெண்களை ஆட்டிப்படைத்த மனுசன். அவரைத் திட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். திட்டுவதற்கும் அதே ஆள் வேண்டியிருக்கிறது.

பதில் ஆளே தேடாமல் விட்டவர்களும் உண்டு. பிரித்தானியாவில் பீபீசியின் 'த ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்து வானொலித் தொடர் 1951 தொடக்கம் நாடு முழுக்க ஒலிக்கிறது. அதில் ஃபில் ஆர்ச்சராக நோர்மன் பெயின்ரிங் 1950இல் நடந்த பரீட்சார்த்த ஒலிபரப்பிலிருந்து 2009இல் தாம் இறக்கும்வரை நடித்தார். ஏறத்தாழ 60 வருடம் ஒரே குரல். அவர் இறந்தபின் வேறொரு குரலைத் தேடவில்லை. 2010 பெப்ரவரியில் கதையிலும் ஃபில் ஆர்ச்சர் இறந்தார். அதே தொடரில் 1955இல் ஃபில்லின் இளம் மனைவி கிரேஸைத் தீ விபத்தில் சாகடித்தபோது நாடே கொதித்தது. அன்றுதான் போட்டித் தொலைக்காட்சி ஐரீவி தொடங்கிய நாள். நேயரைத் தக்கவைக்கப் பெண்ணைக் கொன்றார்கள் என்று சொன்னவர்கள் பலர். லண்டனில் இருக்கிற எங்கள் ஊரவர் ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, தபாலட்டை போட்டவர்களா என்பது. மூட்டை மூட்டையாக என்றார்.

ஆளோடு பாத்திரத்தையும் அடக்கம் செய்வதா, பதில் ஆளைக் கொண்டு நடத்துவதா என்று என்னைக் கேட்டால், எனக்கு நிலையான கருத்து இல்லை. கூத்து மேடையில் சாமத்துக்கு ராசா மாறியபோது கைதட்டியவர்களின் பேரன் நான். தடிமன் பிடித்த குரலுக்குத் தபாலட்டை எழுதியவனும் நான்தான். காது எங்கே பழகியதோ அங்கே பிடிவாதம் பிடிக்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு இப்போது ஏன் வந்தது என்றால், விழாவுக்கு எங்கள் பெடியள் ஒரு சிரிப்பு நாடகம் பழகுகிறார்கள். பழைய றேடியோ நாடகப் பாணியில், மேசைக்கு முன்னால் மைக் வைத்து, முகம் காட்டாமல். ஊர்ப் பெரியவராக நடிக்கிற பெடியன் கெட்டிக்காரன். முதல் ஒத்திகையில் 'நான் பார்த்துக்கிறேன்' என்றான். சின்னத்திரைத் தமிழ். முன் வாங்கில் பேத்தியைக் கூட்டிவந்து இருந்த ஆச்சி, அந்தக் காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர், 'தம்பி, உந்தக் கிழவன் எந்த ஊர்?' என்று கேட்டார். ஒரு மாதம் பழக்கினோம். 'நான் பாக்கிறன்' இப்போது கச்சிதமாக வருகிறது, கனைப்புக்கூடப் பிடித்துவிட்டான். ஆச்சியும் தலையாட்டிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை அவனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. விழாவுக்கு முதல் கிழமை பயணம். மேடையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று மட்டை பிடிக்கலாமோ என்று செயலாளர் பகிடியாகக் கேட்டார். ஆச்சி சிரிக்கவில்லை. பெரியவர் பாத்திரத்துக்கு விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு வாசிகசாலைக்கு வரவும். வயது எல்லை இல்லை. ஆச்சியும் வருவார்.